மோட்டார் குரூசரின் நீச்சல் மேடையில் டிங்கியை ஏற்றிச் செல்வது: நிமிர்த்தி நிறுத்துவதா, கிடையாக வைப்பதா?

ஹாம்பிள்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் தென்கரையில், ஹாம்பிள் ஆற்றில் உள்ள மரீனா ஒன்றில் எங்கள் படகைக் கட்டி வைத்திருக்கிறோம். நீளம் 10.2 மீட்டர், அகலம் 3.3 மீட்டர், இரண்டு டீசல் எஞ்சின்கள், இரண்டும் ஸ்டெர்ன்டிரைவ் வகை (எஞ்சின் உள்ளே, புரொப்பெல்லர் தாங்கும் கால் பின்சுவருக்கு வெளியே). பின்பக்க நீச்சல் மேடை குறுக்கே 2.9 மீட்டரும், படகின் பின்சுவரிலிருந்து வெளிநோக்கி 75 சென்டிமீட்டரும் உள்ளது. மேடையில் ஏற்றக்கூடிய உச்ச எடை 200 கிலோ என்று படகோடு வந்த கையேட்டில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

எங்களிடம் இருப்பது காற்றடைத்த தரையுடைய 2.7 மீட்டர் டிங்கி, அதாவது கரைக்குப் போய்வரும் சிறு காற்றுப் படகு. அதற்கு மூன்றரைக் குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (பின்னால் மாட்டிக் கழற்றும்) மோட்டார். வைட் தீவின் நியூடவுன் சிற்றோடைக்கோ ஸ்டட்லண்ட் விரிகுடாவுக்கோ போனால் கரையோடு சேர்த்துக் கட்டுவதற்குப் பாண்டூன் (மிதக்கும் துறைமேடை) கிடையாது. டிங்கி இல்லாமல் கரையேற முடியாது. இப்போது ஒவ்வொரு முறையும் காற்றை இறக்கி, சுருட்டி, காக்பிட்டின் (பின்பக்கத் திறந்த தளத்தின்) அடியிலுள்ள பெட்டியில் வைக்கிறோம். மோட்டாரும் அதே பெட்டிக்குள்தான் படுத்திருக்கிறது. பிள்ளைகள் இருவரும் சிறியவர்கள். நங்கூரம் போட்ட பிறகு டிங்கி தயாராகும் வரை அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வது, காற்றடிப்பதைவிடக் களைப்பாக இருக்கிறது.

ஆகவே டிங்கியைக் காற்றோடு மேடையிலேயே கொண்டு செல்ல விரும்புகிறேன். மேடை விளிம்பில் கொக்கிகளைப் பொருத்தி, டிங்கியை ஒரு பக்கமாக நிமிர்த்தி நிறுத்தும் முறையைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். சிலர் தாங்கு கட்டைகளின் மேல் கிடையாக வைத்துப் பட்டைகளால் இறுக்குகிறார்கள். எங்கள் மேடைக்கு எது பொருந்தும்? மோட்டாரை டிங்கியிலேயே விட்டு வைக்கலாமா? டிங்கியின் குழாயில் ஒட்டும் பட்டைகள் உண்மையில் எடையைத் தாங்குமா? பட்டறிவு உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பூல் மாலுமி எழுதியது:

உங்கள் அளவுகளைப் பார்த்தவுடனே ஒன்று தெளிவாகிவிடுகிறது. 2.7 மீட்டர் டிங்கி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். உங்கள் மேடை 75 சென்டிமீட்டர்தான் நீண்டிருக்கிறது. கிடையாக வைத்தால் டிங்கியின் பாதி கடலுக்கு மேலே தொங்கும். பின்னாலிருந்து வரும் அலை அதன் அடிவயிற்றில் தட்டும். கிடையாக வைக்கும் முறை 14 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளில், நீரழுத்த விசையால் ஏறி இறங்கும் ஆழமான மேடைகளுக்கு உரியது. அங்கே மேடையே டிங்கியைத் தண்ணீரில் இறக்கிவிடும். உங்களுடையதைப் போன்ற நிலையான மேடைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடைக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். உங்கள் டிங்கி 30 கிலோவை ஒட்டியும், மோட்டார் 18 அல்லது 19 கிலோவும் இருக்கக்கூடும். இரண்டும் சேர்ந்து 50 கிலோ. கையேடு சொல்லும் 200 கிலோவுக்கு இது வெகு தூரம் என்று தோன்றும். ஆனால் டிங்கியை இறக்கும்போது மேடையில் குறைந்தது ஒருவராவது நிற்பார். பெரும்பாலும் இருவர் நிற்பார்கள். அப்போதே 200 கிலோவை நெருங்கிவிடுகிறோம். அந்த 200 கிலோ என்பது மேடை முழுவதும் பரவி நிற்கும் எடைக்கான கணக்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். கொக்கிகளோ, மேடை மிகவும் எளிதாக வளையும் வெளி விளிம்பில் உட்காருகின்றன. படகு அலையில் ஏறி இறங்கும்போது நிற்கும் எடையைவிடக் கூடுதலான விசை அங்கே விழும் என்பதையும் மறக்கக் கூடாது.

கிடையாக வைத்த டிங்கியில் இன்னொரு தொல்லை தண்ணீர். பின்னாலிருந்து வரும் ஓர் அலையை அது முறத்தில் அள்ளுவதுபோல அள்ளிக்கொள்ளும். உள்ளே 1.8 மீட்டர் நீளமும் 60 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட தரையில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 108 லிட்டர், அதாவது 108 கிலோ. வடிகால் அடைப்பைக் கழற்றி வைத்தாலும் அந்தச் சிறிய துளை வழியாக அவ்வளவும் வெளியேறுவதற்குள் அடுத்த அலை வந்துவிடும். நிமிர்த்தி நிறுத்திய டிங்கியில் தண்ணீர் தங்காது. என் வாக்கு நிமிர்த்தி நிறுத்துவதற்கே போவதற்கு முதற்காரணம் இதுதான்.

நிமிர்த்தினால் வரும் குறை காற்று. 2.7 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் உயரமுமாகச் சுமார் நான்கு சதுர மீட்டர் பரப்பு பின்னால் சுவர்போல நிற்கும். 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) காற்று நேர் பின்னாலிருந்து வீசினால் அந்தப் பரப்பின் மேல் ஏறக்குறைய 30 கிலோ எடைக்கு நிகரான தள்ளுவிசை உண்டாகும். படகின் பின்புறம் எப்படியும் காற்றை வாங்கத்தான் செய்கிறது. ஆகவே இது முழுவதும் புதிதாகச் சேர்வதல்ல. ஆனால் இந்த விசை டிங்கியை முன்னோக்கிச் சாய்க்கப் பார்க்கும். படகு வேகமெடுக்கும்போதும் அலையில் குத்தும்போதும் எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆகவே மேல் குழாயிலிருந்து, படகில் கயிறு கட்டும் முளைகளான கிளீட்டுகளுக்குக் குறுக்கு நெடுக்காக இரண்டு கயிறுகளும், டிங்கிக்கும் பின்சுவருக்கும் இடையே இடைவெளியைக் காக்கும் இரண்டு தாங்கு கம்பிகளும் கட்டாயம் தேவை. கயிற்றை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் உண்டு: நண்பகல் வெயிலில் குழாயின் காற்று விரிந்து எல்லாம் விறைப்பாக இருக்கும், மாலையில் குளிர்ந்ததும் குழாய் தளர்ந்து, கட்டிய கயிறுகளும் தளர்ந்து, டிங்கி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டந்தான் ஒட்டுப்பட்டையைப் பிய்க்கிறது. புறப்படும் முன் ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்து, வேண்டுமானால் காற்றடித்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரைப் பற்றி: டிங்கி நிமிரும்போது மோட்டாரும் பக்கவாட்டில் சாயும். நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரை எந்தப் பக்கம் படுக்க வைக்கலாம் என்று தயாரிப்பாளர் கையேட்டில் படம் போட்டுக் காட்டியிருப்பார். மறு பக்கம் சாய்த்தால் எண்ணெய் போகக் கூடாத இடத்துக்குப் போகும். டிங்கி சாயும்போதும் மோட்டார் செங்குத்தாகவே நிற்கும்படி சுழலும் தாங்கிகள் விற்கின்றன. அவை நல்லவைதான், ஆனால் உங்கள் மேடையின் விளிம்பில் இன்னும் 19 கிலோவை ஏன் தொங்கவிட வேண்டும்? படகின் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் ஒரு மரத்தாங்கியைப் பொருத்தி, மோட்டாரைக் கழற்றி அதில் மாட்டிவிடுங்கள்.

நீங்கள் சொல்லாமல் சொன்ன ஒரு செய்தி எனக்குக் கவலை தருகிறது. மோட்டார் காக்பிட்டின் அடியிலுள்ள பெட்டிக்குள் படுத்திருக்கிறது என்கிறீர்கள். உங்கள் படகு டீசல் படகு. அதில் பெட்ரோல் இருக்கும் ஒரே பொருள் அந்த மோட்டார்தான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தாழ்வான இடத்தைத் தேடிப் போய்த் தங்கும். அந்தப் பெட்டிக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவே உள்ள தடுப்பு ஆவி புகாதது என்று எண்ணிவிட முடியாது. டிங்கியை எங்கே வைக்கிறீர்களோ இல்லையோ, மோட்டாரை இந்த வாரமே வெளியே கொண்டுவந்து விடுங்கள்.

நெய்தல் எழுதியது:

பூல் மாலுமி ஐயா சொன்ன கணக்கோடு எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் மேடையில் டிங்கி வைப்பதே வேண்டாம் என்பது என் கருத்து. எதிர்க்குரல் ஒன்றாவது இங்கே இருக்கட்டும்.

ஹாம்பிளிலிருந்து நியூடவுனுக்குப் போகும் தூரத்துக்கு, ஆறு ஏழு நாட் வேகத்தில், டிங்கியைப் பின்னால் இழுத்துச் செல்வதில் ஒரு தொல்லையும் இல்லை. மோட்டாரைக் கழற்றிவிட வேண்டும். டிங்கியின் அணியத்தில் இருபுறமும் உள்ள வளையங்களில் கயிற்றை இரண்டாகப் பிரித்துக் கட்ட வேண்டும். கயிறு மிதக்கும் வகையாக இருந்தால் புரொப்பெல்லரில் சிக்கும் அச்சம் குறையும். ஆற்றுக்குள்ளும் மரீனாவுக்குள்ளும் நுழையும் முன் கயிற்றைச் சுருக்கிப் படகோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பதினெட்டு இருபது நாட் வேகத்தில் ஓட நினைப்பவர்களுக்கு இது ஆகாது. வெற்று டிங்கியின் அடியில் காற்று புகுந்தால் அது கவிழ்ந்துவிடும்.

ஸ்டட்லண்டுக்குப் போகும்போது, அதாவது வைட் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே குறுகும் ஹர்ஸ்ட் கழுத்தைத் தாண்டும்போது, நான் டிங்கியைச் சுருட்டித்தான் வைப்பேன். அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் அங்கே நீரோட்டம் நான்கு நாட்டைத் தாண்டும். திரும்பி வரும் வேளையில் தென்மேற்குக் காற்று வீசி, வடியும் ஓதம் அதற்கு எதிராக மேற்கே பாய்ந்தால், குறுகலான, செங்குத்தான அலைகள் நேராகப் பின்மேடையைத் தேடி வரும். அந்த இடத்தில் மேடையில் என்ன இருந்தாலும் அது அடி வாங்கும். மேடை வெறுமையாக இருந்தால் தண்ணீர் வந்த வழியே போய்விடும்.

மின்சாரக் காற்றடிப்பான் ஒன்றை வாங்கிப் படகின் 12 வோல்ட் இணைப்பில் மாட்டினால் சில நிமிடங்களில் டிங்கி தயார். பிள்ளைகளையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள், கேள்விகள் குறையும். முன்தளத்தில் கவிழ்த்து வைக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அங்கே படுக்கை அறையின் மேல்மூடி இருக்கிறது. தீ விபத்து நேர்ந்தால் தப்பிக்க அதுவே வழி. அதன் மேல் டிங்கியைக் கட்டி வைக்காதீர்கள்.

ஒட்டுவேலைக்காரன் எழுதியது:

ஒட்டுப்பட்டை தாங்குமா என்ற கேள்விக்கு மட்டும் என் பதில். ஒழுங்காக ஒட்டினால் தாங்கும். அவசரமாக ஒட்டினால் இரண்டாம் பருவத்தில் ஓரம் தூக்கத் தொடங்கும்.

முதலில் டிங்கி எந்தத் துணியால் ஆனது என்று அறிய வேண்டும். பெரும்பாலும் பி.வி.சி. அல்லது ஹைப்பலான் (ஒருவகைச் செயற்கை ரப்பர் பூசிய துணி). இரண்டுக்கும் பசை வேறு, துடைக்கும் கரைப்பான் வேறு, ஒட்டுப்பட்டையும் வேறு. பி.வி.சி. துணி பொதுவாக இரு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாக இருக்கும்; ஹைப்பலானின் உட்புறம் பெரும்பாலும் வெளிப்புறத்தைப் போலன்றிக் கருமையாக, ரப்பர்போல இருக்கும். காற்று வால்வைக் கழற்றி உள்ளே விளக்கடித்துப் பார்த்தால் இது தெரியும். ஐயம் இருந்தால் தயாரிப்பாளரின் தகட்டில் உள்ள மாதிரிப் பெயரைக் கொண்டு விசாரித்துவிடுங்கள். ஹைப்பலானுக்கான பசையைப் பி.வி.சி.யில் தடவினால் ஒட்டியதுபோலத்தான் இருக்கும். வெயிலில் இரண்டு வாரம் நின்றால் அப்படியே தோல் உரிந்து வரும்.

இடம் குறிப்பது டிங்கி முழுக் காற்றோடு இருக்கும்போதுதான். காற்று குறைந்த குழாயில் குறித்தால், காற்றடித்த பிறகு இரண்டு பட்டைகளுக்கும் நடுவே உள்ள தூரம் மாறியிருக்கும். மேடையில் உள்ள கொக்கிகளில் ஒன்று பொருந்தும், மற்றது பொருந்தாது. ஆகவே முதலில் பட்டைகளை ஒட்டி, பசை நன்றாக இறுகிய பின், டிங்கியை மேடையோடு அணைத்துப் பார்த்து அதன்படி கொக்கிகளுக்குத் துளையிடுவது நல்லது. மேடையில் முதலில் துளை போட்டுவிட்டால் பிறகு டிங்கியைத்தான் வளைக்க வேண்டும்.

பசை இரு கலவை வகையாக இருக்கட்டும்; குழாயிலிருந்து பிதுக்கும் ஒற்றைப் பசை இந்த வேலைக்குப் போதாது. குறித்த இடத்தைக் கரைப்பானால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, மறுபடி துடைக்க வேண்டும். பிறகு கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு போதும், அந்த இடம் ஒட்டாது. மழை பெய்து ஈரம் நிறைந்த நாளில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பசை காயும்போது மேலே ஈரம் படிந்து வெண்மையாகப் பூக்கும், அதன்பின் அது பிடிக்காது. இரு பரப்பிலும் மெல்லியதாக முதற்பூச்சு பூசிக் காயவிட்டு, இரண்டாம் பூச்சு விரல் முட்டியால் தொட்டால் சற்றே ஒட்டி விடும் பதத்துக்கு வந்ததும் பட்டையை வைக்க வேண்டும். ஒரு முனையில் தொடங்கி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளையால் அழுத்திக்கொண்டே போனால் காற்றுக்குமிழி தங்காது. வைத்த பின் நகர்த்த முடியாது. ஆகவே பென்சில் கோட்டைக் கண்ணால் அளந்து, கை நடுங்காமல் வையுங்கள். பசை டப்பாவில் குறித்த நேரம் முடியும் வரை எடை ஏற்றாதீர்கள். இங்கிலாந்தின் வசந்த காலக் குளிரில் அந்த நேரத்தை இரு மடங்காகக் கொள்வது என் வழக்கம்.

ஹாம்பிள்வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. மோட்டார் நேற்றே பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. கைப்பிடிக் கம்பியில் தாங்கி மாட்டும் வரை கரையிலேயே இருக்கும். நெய்தல் சொல்லும் ஹர்ஸ்ட் கழுத்து அலையை நானும் பார்த்திருக்கிறேன். ஆகவே நியூடவுனுக்கு மேடை, ஸ்டட்லண்டுக்குச் சுருட்டல் என்று வைத்துக்கொள்ள எண்ணுகிறேன்.

படகடியில் போய் அளவெடுத்தபோது இரண்டு சிக்கல்கள் தெரிந்தன. ஒன்று, எங்கள் பின்விளக்கு பின்சுவரின் நடுவில், மேடையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. டிங்கியை நிமிர்த்தினால் அது முழுவதும் மறைந்துவிடும். வைட் தீவின் யார்மத்தில் இரவு உணவு முடித்து இருட்டில் திரும்பும் பழக்கம் எங்களுக்கு உண்டு. இரண்டு, நீச்சல் ஏணி மேடையின் வலப்பக்க ஓரத்தில், ஒரு சிறு மூடிக்கு அடியில் மடிந்திருக்கிறது. டிங்கியின் குழாய் அந்த மூடியின் மேலேயே உட்காரும். என்ன செய்யலாம்?

பூல் மாலுமி எழுதியது:

விளக்குச் சிக்கலுக்கு விதிகளுக்குள்ளேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. கடலில் மோதலைத் தவிர்க்கும் பன்னாட்டு விதிகளின்படி பின்விளக்கு நேர் பின்பக்கத்தை நடுவாகக் கொண்டு 135 பாகை வளைவில், அதாவது இருபுறமும் 67.5 பாகை வரை, தடையின்றித் தெரிய வேண்டும். உங்கள் அளவிலான படகுக்கு இரண்டு கடல் மைல் தூரத்திலிருந்து புலப்பட வேண்டும். டிங்கி மறைத்தால் இது கெடுகிறது. டிங்கியின் மேல் குழாயில் ஒரு கைவிளக்கைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு; அதை நான் விளக்கு என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் விதி 23இன் ஒரு பிரிவு, 12 மீட்டருக்குக் குறைவான மோட்டார்ப் படகு, உயரத்தில் முன்னோக்கி எரியும் வெள்ளை மாஸ்ட்ஹெட் விளக்கு, பின்விளக்கு ஆகிய இரண்டுக்கும் பதிலாக, சுற்றிலும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கைப் பக்க விளக்குகளோடு காட்டலாம் என்று இடமளிக்கிறது. உங்கள் படகு 10.2 மீட்டர். ரேடார் வளைவின் உச்சியில் நங்கூர விளக்கு ஏற்கெனவே இருக்கும். அதுவும் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்குத்தான். டிங்கியின் மேல் விளிம்பைவிட அது உயரமாக இருக்கிறதா, பின்னால் சிறிது தூரம் தள்ளிப் பாண்டூனிலிருந்து பார்த்தால் டிங்கியாலோ ஆண்டெனாவாலோ மறைக்கப்படாமல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், டிங்கி மேடையில் இருக்கும் இரவுகளில் மாஸ்ட்ஹெட் விளக்கையும் பின்விளக்கையும் அணைத்துவிட்டு, அதையும் பக்க விளக்குகளையும் மட்டும் ஏற்றி ஓடலாம். மாஸ்ட்ஹெட் விளக்கையும் சேர்த்து எரியவிடக் கூடாது. முன்னாலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிந்தால் உங்களைப் பெரிய கப்பல் என்றோ இழுவைப் படகு என்றோ எண்ணிக் குழம்புவார். சில படகுகளில் சுவிட்சுகள் இரண்டையும் ஒன்றாக இணைத்து வைத்திருக்கும். அப்படியானால் ஒரு மின்பணியாளர் அரை நாளில் பிரித்துத் தருவார்.

இருட்டில் ஓடுவதால் இன்னொன்று. நிமிர்ந்த டிங்கி உங்கள் பின்பார்வையையும் மறைக்கும். சதாம்ப்டனுக்கும் கவ்ஸுக்கும் இடையே ஓடும் ரெட் ஜெட் விரைவுப் படகுகள் பின்னாலிருந்து எவ்வளவு விரைவில் வந்து சேர்கின்றன என்று உங்களுக்குத் தெரியும். கீழ் இருக்கையிலிருந்து ஓட்டுபவர் அவ்வப்போது எழுந்து டிங்கிக்கு அப்பால் பார்க்க வேண்டும், அல்லது அந்த வேலைக்கு ஒருவரை ஒதுக்க வேண்டும்.

ஏணியை நான் இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்வேன். கடலில் விழுந்தவர் பிறர் உதவியின்றித் தாமே எட்டி இறக்கி ஏறிவரும்படி ஏணி இருக்க வேண்டும் என்பது, இங்கே 2017ஆம் ஆண்டின் பொழுதுபோக்குப் படகு விதிமுறைகள் தயாரிப்பாளருக்கு இட்டுள்ள கட்டளை. உரிமையாளராகிய உங்களை அந்தச் சட்டம் தொடாது. ஆனால் தண்ணீரில் விழுந்தவரைத் தொடும். உங்கள் மேடை 2.9 மீட்டர், டிங்கி 2.7. கொக்கிகளை இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினாலும் 20 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். அதில் யாரும் ஏற முடியாது. டிங்கியின் முனையை இடப்பக்கம் மேடைக்கு வெளியே 25 சென்டிமீட்டர் வரை நீட்டவிட்டாலும் படகின் 3.3 மீட்டர் அகலத்துக்கு வெளியே அது அதிகம் போகாது. அப்போது வலப்பக்கம் 45 சென்டிமீட்டர் கிடைக்கும். ஏணியின் அகலத்தை அளந்து சொல்லுங்கள். அதற்கும் போதவில்லை என்றால், 2.4 மீட்டர் டிங்கிக்கு மாறுவதுதான் நேர்மையான தீர்வு.

ஏரிக்கரையான் எழுதியது:

டொரன்டோவிலிருந்து ஒரு சிறு குறிப்பு. கனடாவில், தண்ணீரிலிருந்து படகில் ஏற வேண்டிய உயரம் அரை மீட்டருக்கு மேல் இருந்தால், மீண்டும் ஏறுவதற்கான சாதனம் படகில் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். நீச்சல் மேடையின் ஏணியே அதற்குப் போதும். எனவே பலர் வேறு ஏணி வைத்திருப்பதில்லை. டிங்கி அதை மறைக்கும்போது சாதனம் இருந்தும் இல்லாத நிலை. ஒன்டாரியோ ஏரியில் மேடையில் டிங்கி வைத்திருப்பவர்களிடம் நான் பார்த்த நல்ல ஏற்பாடு, பையில் சுருட்டிய கயிற்று ஏணி ஒன்றைப் படகின் பக்கவாட்டுக் கிளீட்டில் கட்டி, அதன் இழுகயிற்றைத் தண்ணீரில் இருப்பவர் எட்டும்படி தொங்கவிடுவது. கயிற்று ஏணியில் ஏறுவது எளிதல்ல. கால் படகின் அடியில் உள்ளே போகும். ஆகவே இதை இரண்டாம் ஏணியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, முதல் ஏணிக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

புகையையும் யாரும் சொல்லவில்லை. படகு ஓடும்போது பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து வெளியேறிய புகை காக்பிட்டுக்குள் திரும்பி வரும். டிங்கிச் சுவர் இந்தச் சுழலை மாற்றக்கூடும். கேன்வாஸ் கூடாரத்தை முன்னும் பக்கமும் மூடிப் பின்னால் மட்டும் திறந்து வைப்பது மிகக் கெட்ட நிலை. முன்பக்கக் கண்ணாடியில் ஒரு திறப்பு விட்டால் காற்று முன்னிருந்து பின்னே போகும். டீசல் எஞ்சினில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோல் எஞ்சினைவிட மிகக் குறைவு என்றாலும், உறங்கும் அறையில் ஓர் எச்சரிக்கைக் கருவியை வைக்காமல் விடுவதற்கு அது காரணம் ஆகாது.

ஹாம்பிள்வாசி எழுதியது:

ஏணி விரிந்த நிலையில் 38 சென்டிமீட்டர். மூடியைத் திறக்க இன்னும் ஒரு விரற்கடை வேண்டும். ஆக 45 சென்டிமீட்டர் போதும். நங்கூர விளக்கு ரேடார் வளைவில் டிங்கிக்கு மேலே நன்றாகத் தெரிகிறது. அதற்குத் தனிச் சுவிட்சும் இருக்கிறது. டிங்கியின் உட்புறத்தைப் பார்த்தேன்: இரு பக்கமும் ஒரே சாம்பல் நிறம், வழவழப்பு. தகட்டிலும் பி.வி.சி. என்றே இருக்கிறது. வீவர் நிறுவனத்தின் கொக்கித் தொகுதியைப் பி.வி.சி. பட்டைகளோடு வாங்க எண்ணுகிறேன். கடைசியாக, மேடையில் துளை போடுவதில் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

ஒட்டுவேலைக்காரன் எழுதியது:

உண்டு. பல மேடைகள் மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ், நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ வைத்துச் செய்தவை. திருகாணி வழியாக நடுவே தண்ணீர் புகுந்தால் மரம் உளுத்து மேடையே மெத்தென்று ஆகிவிடும். ஆகவே முதலில் தேவையைவிடப் பெரிய துளை போட்டு, உள்ளிருக்கும் மரத்தைச் சற்றுச் சுரண்டி எடுத்து, அந்தக் குழியை எப்பாக்ஸியால் நிரப்பி, அது இறுகிய பின் அதன் நடுவே போல்ட்டுக்கான துளையைப் போடுங்கள். அப்போது போல்ட் மரத்தைத் தொடாது. இறுக்கும்போது மேடையும் நசுங்காது.

மரத்திருகாணி வேண்டாம், மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளைப் போட்டு, அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தாங்கு தகடு வையுங்கள். துளையிடும் முன் மேடையின் அடியில் தலையை விட்டுப் பாருங்கள்: ஸ்டெர்ன்டிரைவ் கால்களை முழுவதும் மேலே தூக்கினால் எங்கே வந்து நிற்கின்றன, விளக்குக்குப் போகும் கம்பி எங்கே ஓடுகிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் நுனி தூக்கிய காலில் உரசக் கூடாது. கடல் வேலைக்கான பாலியூரித்தேன் அடைப்பானைக் கொக்கியின் அடித்தகட்டின் கீழ் தாராளமாக வைத்து, முதலில் பாதி இறுக்கி, அது ரப்பராக மாறிய பின் முழுவதும் இறுக்குங்கள். ஒரேயடியாக இறுக்கினால் அடைப்பான் முழுதும் வெளியே பிதுங்கிவிடும்.

கொக்கிகள் பொருத்தியதும் படகு கட்டிய இடத்திலேயே, மோட்டார் இல்லாமல், டிங்கியைச் சிலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். இரண்டு கொக்கிகளும் பூட்டிக்கொள்ளும் ஒலி தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கேட்டால் கயிற்றை இழுக்காதீர்கள். டிங்கி நிமிர்ந்து நிற்கும்போது, வீட்டில் உடல் வலு குறைந்த பெரியவர் ஒருவரை உயிர்காப்பு அங்கியோடு தண்ணீரில் இறக்கி, அந்த 45 சென்டிமீட்டரில் ஏணியைத் தாமே இறக்கி ஏறிவரச் சொல்லுங்கள்; ஜூலைக்கு முன் கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.